"ஜெபம் வரவில்லை" என்று எழுதிய சகோதரிக்கு

கேள்வி: எனக்கு 47 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை, கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து ஏழு மாதமாகிறது. சிகிச்சை நடந்தபோது ஜெபம் தானாக வந்தது. எல்லாம் முடிந்து வீட்டில் உட்கார்ந்திருக்கும் இப்போது வரவில்லை. முழங்கால் போட்டால் தூக்கம் வருகிறது. வேதத்தைத் திறந்தால் ஒரே வசனத்தை நாலு தடவை படிக்கிறேன். சபையில் சாட்சி சொல்லக் கூப்பிடுகிறார்கள். ஏதாவது காரணம் சொல்லித் தள்ளிப்போடுகிறேன். டாக்டர் ஐந்து வருடம் டாமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடச் சொல்லியிருக்கிறார். ஜெபக்குழுவில் ஒரு சகோதரி, "கர்த்தர் சுகமாக்கிட்டாருன்னு விசுவாசிச்சா மாத்திரை எதுக்கு? ஏதாவது மறைவான பாவம் இருக்கான்னு பாருங்க" என்று சொல்லிவிட்டார். அடுத்த மாதம் செக்-அப். அதற்கு முன்னால் மூன்று நாள் உபவாசம் இருக்கலாமா? என் விசுவாசம் செத்துப்போய்விட்டதா? இன்னொன்று, குளித்துவிட்டு நான் கண்ணாடியைப் பார்ப்பதே இல்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை.

பதில்:

அன்புள்ள சகோதரி,

மாத்திரையிலிருந்து தொடங்குகிறேன். மற்றதெல்லாம் காத்திருக்கலாம், இது காத்திருக்காது. மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஏற்கெனவே நிறுத்தியிருந்தால் இன்றைக்கே டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். திட்டுவாரோ என்று தயங்க வேண்டாம், புற்றுநோய் மருத்துவர்கள் அடிக்கடி கேட்கிற விஷயம்தான் இது.

சில மார்பகப் புற்றுக் கட்டிகள் உடம்பிலுள்ள ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பிடித்துக்கொண்டு வளர்பவை. அந்தச் செல்லில் ஈஸ்ட்ரோஜன் வந்து உட்காரும் இடத்தில் டாமாக்சிஃபென் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. ஸ்கேனில் தெரியாத அளவுக்கு எங்காவது நாலு செல் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அவற்றுக்குத் தீனி கிடைக்காமல் செய்வதுதான் அதன் வேலை. பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 2011இல் வெளியிட்டார்கள்: இந்த வகைக் கட்டி வந்து ஐந்து வருடம் இதைச் சாப்பிட்ட பெண்களில், மார்பகப் புற்றால் நேரும் மரணம் 15 வருடக் கணக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. சின்ன மாத்திரை, சின்ன விஷயம் இல்லை.

அந்தச் சகோதரிக்கு வசனத்தாலேயே பதில் சொல்லவேண்டும் என்றால் ஏசாயா 38ஐப் படிக்கச் சொல்லுங்கள். எசேக்கியா ராஜா சாகக் கிடக்கிறார். சுவர்ப்புறமாகத் திரும்பிக்கொண்டு அழுது ஜெபிக்கிறார். இன்னும் 15 வருடம் தருகிறேன் என்று கர்த்தரே வாக்குக் கொடுக்கிறார். அதோடு அதிகாரம் முடிந்துவிடவில்லை. கடைசியில், அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப்போடுங்கள், பிழைப்பார் என்று ஏசாயா சொன்னதாக ஒரு வரி வருகிறது. வாக்குத்தத்தம் கையில் இருந்தபோதும் பற்றுப் போட்டார்கள். பவுலோடு கடைசிவரை இருந்த லூக்கா வைத்தியர். அதே பவுல், துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று சாதாரணமாக எழுதுகிறார். தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வரும் பலவீனத்துக்குக் கைவைத்தியம் சொல்கிறார். பவுலைவிட விசுவாசம் அதிகமுள்ள ஜெபக்குழுவை நான் இன்னும் பார்க்கவில்லை.

சரி, இப்போது உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன்.

புற்றுநோய்ப் பிரிவில் மனநல ஆலோசகராக 22 வருடம் ஆகிறது எனக்கு. சிகிச்சை நடக்கும்போது உடைந்துபோகிறவர்களைவிட, முடிந்த பிறகு உடைந்து வருகிறவர்களை அதிகம் பார்த்திருக்கிறேன். காரணம் இருக்கிறது. சிகிச்சையின்போது நாள்காட்டியில் தேதி குறித்திருக்கும். ஊசி போட ஒருவர், ரத்தம் எடுக்க ஒருவர், "எப்படி இருக்கீங்க?" என்று கேட்க ஒருவர். வீட்டில் விருந்தாளிகள், சபையில் உங்கள் பெயரைச் சொல்லி ஜெபம். கடைசி ரேடியேஷன் முடிந்த மறுநாளே இது எல்லாம் நின்றுபோகிறது. சுற்றியிருப்பவர்களுக்குக் கதை முடிந்துவிட்டது. உங்கள் உடம்போ அப்போதுதான் கணக்குப் புத்தகத்தைத் திறக்கிறது.

கீமோவுக்குப் பிந்தைய களைப்பு மாதக்கணக்கில் நீடிக்கும். சிலருக்கு ஒரு வருடம் தாண்டியும் இருக்கும். தூங்கி எழுந்தால் போகிற களைப்பு இல்லை இது. கவனம் நிற்காமல் நழுவுவதும் பெயர்கள் மறப்பதும் பலருக்கு வரும். நோயாளிகளே இதற்குக் கீமோ மூளை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். டாமாக்சிஃபென் தன் பங்குக்கு ராத்திரியில் குப்பென்று வியர்க்க வைத்து எழுப்பிவிடும். ஒரே வசனத்தை நாலு தடவை படிக்கிறேன் என்றீர்களே, செய்தித்தாளை எத்தனை தடவை படிக்கிறீர்கள்? வங்கிப் படிவத்தை? அதுவும் நாலு தடவை என்றால் கோளாறு வேதத்துக்கும் உங்களுக்கும் நடுவில் இல்லை. களைத்துப்போன மூளை எதைக் கொடுத்தாலும் அப்படித்தான் படிக்கும். முழங்கால் போட்டதும் தூக்கம் வருவதற்கும் இதே பதில்தான்.

எலியாவை நினைத்துப் பாருங்கள். அத்தனை பெரிய ஊழியம் முடிந்த கையோடு, ஒரு சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறார். தூதன் வந்து என்ன செய்தான்? விசுவாசத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்யவில்லை, எங்கே தவறினாய் என்று கேட்கவில்லை. தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். தணலில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடி படுத்துவிட்டார். தூதன் இரண்டாம் தரமும் வந்து எழுப்பினான்: "எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்." கர்த்தர் எலியாவிடம் பேசியது அதற்கப்புறம், 40 நாள் நடந்து ஓரேபுக்குப் போன பிறகு. முதலில் தூக்கம், சாப்பாடு, பேச்சு பிறகு. இந்த வரிசையை என் வேலையில் நான் ரொம்ப மதிக்கிறேன்.

இதிலேயே உபவாசத்துக்கும் பதில் இருக்கிறது. உடம்பு தேறிவருகிற இந்தச் சமயத்தில், டாக்டரைக் கேட்காமல் மூன்று நாள் பட்டினி வேண்டாம். உங்கள் கேள்வியைப் படித்தபோது எனக்கு வேறொன்றும் தோன்றியது. ரிப்போர்ட் நல்லபடியாக வரவேண்டும் என்பதற்கு முன்பணம் கட்டுகிற மாதிரி இந்த உபவாசத்தை நினைக்கிறீர்களோ? அப்படியென்றால் வேண்டவே வேண்டாம். கிருபைக்கு யாரும் முன்பணம் கேட்பதில்லை.

ஜெபத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் என்னுடைய ஒரு தவறைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வயிற்றில் பெரிய அறுவை சிகிச்சை முடிந்திருந்த ஒரு பெரியவர் தனக்காக ஜெபிக்கச் சொன்னார். எனக்கோ உற்சாகம். கண்ணை மூடிக்கொண்டு நீளமாக, அழகாக, வசனம் வசனமாக ஜெபித்தேன். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால், அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு வெடித்திருந்தது. "அம்மா, முடிஞ்சுதுன்னா அந்தத் தண்ணிய எடுத்துக் குடுங்க" என்றார். டம்ளர் என் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. நான் கண்ணை மூடியதிலிருந்து அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து படுக்கைப் பக்கத்தில் நான் செய்கிற ஜெபம் மூன்று வாக்கியத்தைத் தாண்டுவதில்லை.

உங்களுக்கும் மூன்று வாக்கியம் வேண்டாம், ஒன்று போதும். மாத்திரை சாப்பிடுகிற நேரம் எதுவோ அதுவே உங்கள் ஜெப நேரமாக இருக்கட்டும். மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு வரி சொல்லிவிட்டு விழுங்குங்கள். தினமும் அதே வரி. பிசாசு பிடித்த மகனைக் கொண்டுவந்த தகப்பன் இயேசுவிடம் சொன்னானே, "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று, அது எனக்குப் பிடித்த வரி. விசுவாசமும் அவிசுவாசமும் ஒரே மூச்சில் இருக்கிறது; அவனை இயேசு திருப்பி அனுப்பவில்லை. முழங்கால் போட வேண்டாம், உட்கார்ந்தே சொல்லுங்கள். எசேக்கியா படுத்துக்கொண்டுதானே சொன்னார். வேதம் வாசிக்க முடியாத நாளில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிப் படுத்திருங்கள். நடுவில் தூங்கிவிட்டால் தூங்கிவிடுங்கள்.

சொந்த வார்த்தை வராத நேரத்தில் மனப்பாடமான வார்த்தை கைகொடுக்கும். சிலுவையில் இயேசு "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்று கதறியது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி. அந்த வேதனையில் அவரே பழைய பாட்டின் வரியைத்தான் எடுத்துக்கொண்டார். சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புலம்பல்தான் என்பது பலருக்கு ஞாபகம் இருப்பதில்லை; நாம் 23ஐயும் 91ஐயும் எடுத்துச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு மற்றதைப் புரட்டிப் போய்விடுகிறோம். 13ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள்: "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" 88ஆம் சங்கீதம் இன்னும் மோசம். மற்றப் புலம்பல்கள் பெரும்பாலும் ஒரு நம்பிக்கை வரியில் போய் முடியும், இது இருட்டிலேயே முடிந்துவிடுகிறது. அதைத் தொகுத்தவர்கள் ஆறுதலாக ஒரு வரியை ஒட்டிவிடவில்லை. அப்படியே விட்டார்கள். ஜெபம் வரவில்லை என்று எனக்கு எழுதினீர்களே, அந்தக் கடிதத்தில் "ஆண்டவரே" என்று மேலே ஒரு சொல் போட்டிருந்தால் அதுவே ஒரு புலம்பல் சங்கீதமாகியிருக்கும்.

அப்புறம், ஜெபிப்பதை நீங்கள் ஒருத்தியாகவே செய்துதீர வேண்டியதில்லை. கப்பர்நகூமில் கூரையைப் பிரித்து ஒரு திமிர்வாதக்காரனை இறக்கினார்கள் இல்லையா? நாலு பேர் தூக்கி வந்தார்கள். இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" பேசினார் என்று மாற்கு எழுதுகிறார். படுக்கையில் கிடந்தவன் ஒரு வார்த்தைகூடப் பேசியதாக அங்கே இல்லை. உங்களுக்கு நாலு பேர் வேண்டும். சபை முழுவதும் வேண்டாம், நாலு பேர். "என்னால இப்ப ஜெபிக்க முடியல, எனக்குப் பதிலா நீங்க ஜெபிங்க. என்கிட்ட வந்து ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்று கேட்டுப் பாருங்கள். நல்ல சிநேகிதர்களுக்கு அது புரியும்.

மறைவான பாவம் பற்றி. பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவன் செய்த பாவமும் இல்லை, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமும் இல்லை என்று இயேசு சொன்னார். இதற்குமேல் நான் என்ன சொல்ல? யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல சிநேகிதர்கள்தான். வாயைத் திறந்த பிறகுதான் வம்பு. அந்தச் சகோதரி கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. உங்களுக்கு வந்தது தனக்கு வராது என்று நம்ப அவருக்கு ஒரு காரணம் தேவைப்படுகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பேச்சை உள்ளே விடாதீர்கள். நோயாளிகள் தங்கள் விசுவாசத்தை எப்படிக் கையாளுகிறார்கள் என்று கென்னத் பார்கமென்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் நெடுங்காலம் ஆராய்ந்தவர். கடவுள் கூட இருக்கிறார் என்ற எண்ணம் தாங்கிப் பிடிக்கிறது. கடவுள் தண்டிக்கிறார், கைவிட்டுவிட்டார் என்ற எண்ணம் இறுகிப்போய்விட்டால் அது மனதையும் உடம்பையும் சேர்த்து அரிக்கிறது. அந்த எண்ணம் வரவே கூடாது என்பதில்லை, வரும். வந்தால் மனம்விட்டுப் பேச ஓர் ஆள் வேண்டும். உங்கள் போதகர் நிதானமானவராக இருந்தால் அவரிடமே பேசலாம்.

சாட்சி விஷயத்தில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. "முழுசா சுகமாயிட்டேன்" என்று மேடையில் சொல்லவைக்கப்பட்டவர்களில் சிலருக்கு நோய் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். நோயைவிட அவர்களை வாட்டியது வெட்கம். எந்த முகத்தோடு அந்தச் சபைக்குள் போவது என்று ஒரு அம்மா என் அறையில் உட்கார்ந்து கேட்டார். ஆறுதல் அதிகம் தேவைப்பட்ட மாதங்களில் அவர் ஆலயத்துக்கே போகவில்லை. அந்தச் சாட்சியைக் கேட்டுக் கைதட்டியவர்கள் யாருக்கும் இது தெரியாது.

பெத்சாயிதாவில் ஒரு குருடனை இயேசு இரண்டு தடவை தொட்டார். முதல் தடவைக்குப் பிறகு என்ன தெரிகிறது என்று கேட்டதற்கு, நடக்கிற மனுஷர் மரங்களைப்போலத் தெரிகிறார்கள் என்றான். இயேசுவே கேட்கிறார் என்பதற்காக, எல்லாம் பளிச்சென்று தெரிகிறது என்று அவன் பொய் சொல்லவில்லை. நீங்கள் இப்போது இருப்பது அந்த இரண்டு தொடுதலுக்கு நடுவில். சாட்சி சொல்ல மனமில்லை என்றால் "இப்போது வேண்டாம்" என்று மட்டும் சொல்லுங்கள், காரணம் தேட வேண்டாம். சொல்லத்தான் வேண்டும் என்று தோன்றினால் இவ்வளவு போதும்: "சிகிச்சை முடிந்திருக்கிறது. மாத்திரை சாப்பிடுகிறேன். இன்னும் களைப்பாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. இதுவரை என்னைக் கொண்டுவந்த கர்த்தருக்கு ஸ்தோத்திரம். எனக்காக ஜெபித்துக்கொண்டிருங்கள்." உட்கார்ந்துவிடுங்கள். அந்தக் கூட்டத்தில் இதே மாதிரி ஒருத்தி கடைசி வரிசையில் கட்டாயம் இருப்பாள்.

செக்-அப் நெருங்கினால் வயிற்றைப் பிசையும், தூக்கம் போகும். சிகிச்சை முடிந்த எல்லோருக்கும் அப்படித்தான், விசுவாசிகளுக்கும்தான். கெத்செமனேயில் இயேசு மூன்று சீஷர்களைக் கூட்டிக்கொண்டு போய், என்னோடேகூட விழித்திருங்கள் என்று கேட்டார். அவரே துணைக்கு ஆள் கேட்டார். நீங்களும் கேளுங்கள். செக்-அப்புக்குத் தனியாகப் போகாதீர்கள். ரிப்போர்ட் எந்த நாள், எந்த நேரம், யார் சொல்வார்கள் என்பதை முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நாள் தெரியாமல் காத்திருப்பது ரொம்பக் கொடுமை. டாக்டரிடம் கேட்கவேண்டியதைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். களைப்பு, மறதி, ராத்திரி வியர்வை மூன்றும் அந்தப் பட்டியலில் இருக்கட்டும். தைராய்டு, ரத்தசோகை போன்ற சரிசெய்யக்கூடிய காரணம் ஏதாவது இருக்கிறதா என்று அவர் பார்ப்பார்.

ஒன்று மட்டும் கவனமாகப் பாருங்கள். ஜெபத்தில் மட்டுமல்லாமல் எதிலுமே பிடிப்பில்லை, பிள்ளைகள் பேசினால்கூட எரிச்சல், காரணமில்லாமல் அழுகை, இது இரண்டு வாரத்துக்கு மேல் நாள் தவறாமல் இருக்கிறது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு, ஆலோசனை உண்டு. மனச்சோர்வுக்கு மருந்து எழுதும் டாக்டரிடம் டாமாக்சிஃபென் சாப்பிடுவதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். பராக்ஸெட்டின் போன்ற சில மருந்துகள் டாமாக்சிஃபெனின் வேலையைக் குறைத்துவிடும், வேறு மருந்து கொடுப்பார். எலியா மாதிரிச் சாவைப் பற்றிய எண்ணம் வந்தால் அன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். வீட்டில் சொல்லலாம், டாக்டரிடம் சொல்லலாம். மறுநாள்வரை வைத்திருக்க வேண்டாம்.

கடைசியில் எழுதியிருந்தீர்களே, கண்ணாடி. இதை என்னிடம் சொன்னதற்கு நன்றி. அவசரமில்லை. முதல் தடவை தனியாகப் பார்க்க முடியாவிட்டால், உங்களுக்குக் கட்டுப் போட்ட நர்ஸோ பிசியோதெரபிஸ்டோ பக்கத்தில் இருக்கும்போது பாருங்கள். அவர்களுக்கு அது பழகிய விஷயம், முகம் சுளிக்காத ஒரு ஆள் பக்கத்தில் இருந்தால் பாதி பாரம் போய்விடும். தழும்பைத் தொட்டு மெதுவாக நீவிவிடுவது எப்படி என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தருவார். தோல் இறுகாமல் இருக்க அது நல்லது. உங்கள் கைக்கும் அந்த இடம் பழகும்.

உயிர்த்தெழுந்த இயேசுவின் உடம்பில் ஆணித் தழும்பு போகவில்லை. பூட்டிய கதவுக்குள் வரமுடிந்த சரீரத்துக்கு, தழும்பை அழித்துக்கொண்டு வரவும் முடிந்திருக்கும். இயேசு அழிக்கவில்லை. தோமாவைக் கூப்பிட்டு அதைத்தான் காட்டினார். ஏன் என்று எனக்கு விளக்கத் தெரியாது. ஆனால் அறுவை சிகிச்சை முடிந்த பெண்களிடம் பேசும்போது இந்த இடத்துக்கு நான் திரும்பத் திரும்ப வருகிறேன்.

செக்-அப் முடிந்ததும் ஒரு வரி எழுதுங்கள். நல்ல செய்தியாக இருந்தால்தான் எழுதவேண்டும் என்றில்லை.